பனி படாத புல்

எங்கள் அலுவலகத்தில் ஆய்வு என்பது சாப்பாட்டு மேஜையில்தான் தொடங்கும். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் அனுமதியைப் புதுப்பிக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்ல நாங்கள் போவோம். வாசலில் சிரித்த முகத்தோடு ஓர் ஆள் காத்திருப்பார். விருந்தினர் விடுதியில் முட்டை, ரொட்டி, நறுக்கிய பழம், கேட்டால் காபி, கேட்காவிட்டாலும் காபி. வயிறு நிறைந்ததும் திரை போட்ட அறையில் படம் காட்டுவார்கள். தோண்டுவதற்கு முன் ஒரு படம், தோண்டும்போது ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம். மூடிய பிறகு வரும் படத்தில் தவறாமல் ஒரு பட்டாம்பூச்சி இருக்கும். எல்லாம் முடித்து ஜீப்பில் ஏறும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும் இருக்காதா?

இதை நான் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேலி செய்துவிட்டால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று ஒரு நினைப்பு. அந்தச் சாப்பாட்டு மேஜையின் மறைவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியவந்த காலைக்குப் பிறகு எனக்கு அந்தக் கேலி வருவதில்லை.

என் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியை எடுத்தவர்கள் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, இறுக்கி, மேலே நல்ல மண்ணைப் பரப்பி, புல்லும் மரமும் வளர்த்து, நிலத்தை நிலமாகத் திருப்பித் தர வேண்டும். பழைய பள்ளத்தை ஒழுங்காக மூடியிருந்தால்தான் புதுப் பள்ளம் தோண்ட அனுமதி. ஒழுங்காக மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. இது நடந்த பகுதிக்கு நான் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நான் சொல்லப்போகும் சுரங்கத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை.

எங்கள் தலைமை ஆய்வாளரைப் பெரியவர் என்போம். லஞ்சம் வாங்காத மனிதர். காபி மட்டும் வாங்குவார். அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும். "மூடின நிலம்னா அதுதாம்மா. பாத்தா தோண்டின இடம்னு சத்தியம் பண்ணாக்கூட நம்ப மாட்டீங்க" என்பார். அங்கே நிலத்தைப் பசுமையாக்கும் பொறுப்பில் ஒரு மேலாளர் இருந்தார். சட்டை பச்சை, தொப்பி பச்சை, பேனா மையும் பச்சை. எல்லோரும் அவரைப் பச்சைக்காரர் என்றுதான் சொன்னார்கள். மூடிய நிலம் எவ்வளவு உறுதியானது என்று காட்டுவதற்காக, அதன் மேலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தைக் கட்டியவர் அவர். சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம். அவர்கள் காட்டும் படங்களில் பட்டாம்பூச்சிக்கு அடுத்து வருவது அந்தக் கட்டிடம்தான்.

அந்தக் காப்பகத்தை நடத்துகிறவள் என் அக்கா.

இதை நான் முன்கூட்டியே பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அக்கா அங்கே வேலை பார்க்கும்போது நான் ஆய்வுக்கு வரலாமா என்றும் கேட்டேன். "உங்கக்கா குழந்தையத்தானே பாத்துக்கறாங்க? மண்ணையா பாத்துக்கறாங்க? வாங்கம்மா" என்று சிரித்தார். மற்றவர்கள் விருந்தினர் விடுதியில் தங்க, நான் மட்டும் அக்கா வீட்டில் போய் இறங்கினேன்.

அக்காவுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை, பேசியும் கேட்டதில்லை. ஆனால் இந்தக் காப்பகம் வந்தபிறகு அவள் ஆளே மாறிப்போனாள். போனில் பேசினால் யாருக்குப் பல் முளைத்தது, யார் யாரைக் கடித்தது என்றுதான் பேச்சு. அத்தான் நடுவில் புகுந்து, "எனக்கும் பல்லு ஆடுது, அதையும் சொல்லு" என்பார். அவள் காதில் ஏறாது.

மறுநாள் விடிவதற்கு முன்பே அக்கா கிளம்பிவிட்டாள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போவார்களாம். அத்தானின் குறட்டையில் நானும் விழித்தேதான் கிடந்தேன். சரி, நாமும் போய் அந்தப் புகழ்பெற்ற நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோமே என்று கூடவே நடந்தேன்.

வழியெல்லாம் பச்சைக்காரர் புராணம். "அந்த மனுஷன் மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாதுடி. ஒவ்வொரு குழந்தைக்கும் பேர் தெரியும். கை குலுக்கிட்டுத்தான் உள்ள வருவாரு. நீ இன்னைக்கு அவரப் போட்டுக் குடையாத, சொல்லிட்டேன். உன் வாய் எனக்குத் தெரியும்."

"நான் மண்ணத்தான் குடையப் போறேன், அவர இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். அவரு அந்த மண்ண அப்படி வளத்திருக்காரு."

குடியிருப்புச் சாலை முடிந்து வெளி திறந்தது. குளிர்காலம். விடிந்தும் விடியாத வெளிச்சம். புல்வெளி முழுக்கப் பனி இறங்கி, மாவு தூவியது போல வெளுத்துக் கிடந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. அங்கே ஒரு காலத்தில் ராட்சதப் பள்ளம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. எனக்கே ஒரு பெருமை வந்தது. என் இலாகாவும் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அந்த வெளுப்பின் நடுவே ஒரு பச்சைப் பட்டை. வண்டி போகும் அகலத்தில், வளைந்து வளைந்து போனது. அதன் மேல் மட்டும் பனி இல்லை.

"இது என்னக்கா, பாதையா?"

"எது? ஓ, அதுவா. அது எப்பவும் அப்படித்தான். அங்க புல்லு நல்லா வருது. நீ வா, நேரமாச்சு."

அக்கா போய்விட்டாள். நான் புல்லில் இறங்கினேன். வெளுத்த புல்லில் கால் வைத்தால் செருப்புக்குள் குளிர் ஏறியது. பட்டைக்குள் கால் வைத்தேன், குளிரவில்லை. குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துப் பார்த்தேன்.

மண் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

படித்தது, பயிற்சியில் கேட்டது எல்லாம் தலைக்குள் இருந்தும், கை தொட்டதை மனசு ஏற்க மறுத்தது. நிலக்கரிக் கழிவு இருக்கிறதே, அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. காற்றுப் பட்டால் தானே சூடேறும். அதனால்தான் பள்ளத்தை நிரப்பும்போது அந்தக் கழிவைத் தனியே பிரித்து, களிமண் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கிப் புதைக்க வேண்டும் என்று விதி. அதைச் செய்யாமல் மண்ணோடு மண்ணாகக் கொட்டி மூடினால், உள்ளே கனல ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் கனலும். ஒரே இடத்திலும் நிற்காது, கழிவு கிடக்கிற வழியெல்லாம் ஊர்ந்து போகும். நெருப்பில்லாமல் புகையாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். புகையாமலும் நெருப்பு இருக்கும் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

இத்தனை ஆண்டுகளாக எங்கள் ஆட்கள் இந்த வெளியில் நடந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலுமா படவில்லை? கேட்ட மாத்திரத்தில் பதிலும் வந்துவிட்டது. எப்படிப் படும்? அவர்கள் வருவது வெயில் ஏறிய பிறகு. அப்போது எங்கேயும் பனி இருக்காது. முழு வெளியும் ஒரே பச்சை. முட்டை, ரொட்டி, பழம், காபி, பட்டாம்பூச்சி. அந்த விருந்து எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேண்டுமென்றே செய்தார்களோ, தானாக அமைந்ததோ, அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது.

இந்தப் பட்டை எங்கே போகிறது என்று பார்ப்போம் என்று அதன் மேலேயே நடந்தேன். மரங்களுக்கு நடுவே போனது. ஒரு சின்ன மேட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. நான் வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன். மேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். பட்டை நேராகக் காப்பகத்தின் பின்சுவர்வரை போய், சுவருக்கு அடியில் நுழைந்திருந்தது. கட்டிடத்தின் மறுபக்கம் அது வெளியே வரவில்லை.

வாசலில் ஒரு பெண் தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தோளில் தூங்கும் மகளை அக்காவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள். "இவ வீட்டுல ராத்திரியெல்லாம் ஆட்டம் போடறா. இங்க வந்தா மட்டும் எப்படித்தான் தூங்கறாளோ" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

"என் தூங்குமூஞ்சி" என்று அக்கா அந்தக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"செருப்பக் கழட்டு. கழட்டிட்டு தரையில கால் வச்சுப் பாரு."

வைத்தேன். முன்னறை சாதாரணமாக இருந்தது. அக்கா தூங்கும் அறைக் கதவைத் தள்ளினாள். அடைத்த அறையின் கதகதப்பு முகத்தில் வந்து மோதியது. அங்கே தரை சுகமாகச் சுட்டது. பாய்களில் குழந்தைகள் அங்கங்கே கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று வாயில் விரல் போட்டபடி, ஒன்று இன்னொன்றின் வயிற்றின்மேல் காலைப் போட்டபடி. ஒன்றும் அசையவில்லை. அக்கா தூங்குமூஞ்சியை ஒரு பாயில் கிடத்திப் போர்வையைச் சரிசெய்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கிசுகிசுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "கம்பெனி குடுத்த பரிசுடி. தரைக்கு அடியில வெந்நீர்க் குழாய். போன குளிருக்கு, என்ன சார் தரை சுடுதேன்னு நான்தான் போய்க் கேட்டேன். கட்டும்போதே குழாய் போட்டோம்மா, இப்பதான் தொறந்து விட்டிருக்கோம்னாரு. ஆண்டு விழாவுல மைக்கப் பிடிச்சு நன்றி சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க."

"தண்ணிய எங்கக்கா சுட வைக்கறாங்க?"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்ன குழாய் ரிப்பேர் பண்றவளா?"

"கொதிகலன் இருக்கணுமே. ஒரு ரூம், ஒரு புகைபோக்கி, ஏதாவது பாத்திருக்கியா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?" என்று அலுத்துக்கொண்டாள். "இந்தக் குழந்தைங்க தூங்கற அழகப் பாரு. மத்த காப்பகத்துல இருக்கவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க, உங்ககிட்ட மட்டும் எப்படி இப்படித் தூங்குதுங்கன்னு. எல்லாம் கைராசின்னு சொல்லுவேன். எனக்குத்தான் இந்த ரூமுக்குள்ள கொஞ்ச நேரம் இருந்தா மண்டை இடிக்குது. கண்ணாடி மாத்தணும்."

நிலத்துக்கடியில் காற்றுப் போதாமல் எரிகிற நிலக்கரி ஒரு விஷ வாயுவை விடும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. கண் எரியாது, இருமலும் வராது. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்தில் சொக்கிக் கிடக்கிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, எழுப்ப மனசும் வராது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். என் அக்கா கைராசி என்று மெச்சிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

"குழந்தைங்கள வெளிய தூக்கு" என்றேன்.

"என்னது?"

"எல்லாத்தையும் வெளிய தூக்குக்கா. இப்பவே."

"வெளிய பனி கொட்டுதுடி! உனக்கென்ன பைத்தியமா?"

பேசிப் புரியவைக்க நேரமில்லை. அருகில் கிடந்த இரண்டைப் போர்வையோடு அள்ளினேன். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் என்னைக் கைநீட்டித் தொட்டுப் பிடித்து நிறுத்தியது சின்ன வயசுக்குப் பிறகு அன்றுதான். "உன் ஆபீஸ் வேலைய என் குழந்தைங்ககிட்ட காட்டாத! உனக்கு இந்தக் கம்பெனியப் பிடிக்கல, மூடணும். அதுக்கு என் காப்பகம்தான் கெடச்சுதா?"

"தரைக்கு அடியில நெருப்பு இருக்குக்கா. விஷக் காத்து வருது. உன் தலைவலி கண்ணாடியால இல்ல."

"பொய் சொல்லாத!"

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துச் சமையலறையிலிருந்து ஆயா ஓடிவந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பாயில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள். இவ்வளவு கூச்சலிலும் ஒன்றுகூடக் கண் திறக்கவில்லை. ஆயா குனிந்து கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அதைப் பார்த்த பிறகுதான் அக்காவின் பிடி தளர்ந்தது.

சாலையோரமாக, காப்பகத்துக் காற்று எங்கள் மேல் படாத இடத்தில், போர்வைகளை விரித்து ஒவ்வொன்றாகக் கிடத்தினோம். குளிர் பட்டதும் ஒரு குழந்தை சிணுங்கியது. அடுத்தது அழுதது. அப்புறம் ஒன்றைப் பார்த்து ஒன்று ஆரம்பித்து, வீதியே அலறியது. குழந்தைகள் அழுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வேறு என்றைக்கும் இல்லை.

தூங்குமூஞ்சி மட்டும் அழவில்லை.

அவள்தான் கடைசியாக உள்ளே போனவள் என்பதால் அவளைப் பற்றி நான் பயப்படவே இல்லை. ஆனால் அக்கா அவளைக் கிடத்தியிருந்த பாய் கிடந்தது அறையின் மூலையில், சுவரோரம் தரை வெடிப்பு விட்ட இடத்தில். அக்கா அவளுக்கென்று தினமும் ஒதுக்கிய இடமாம் அது. அங்கேதான் சூடு அதிகம், அதனால். அவளைத் தூக்கினேன், தலை தொங்கியது. கன்னத்தில் தட்டினேன், உள்ளங்காலைத் தேய்த்தேன், காதில் கத்தினேன். மூச்சு இருந்தது, ஆனால் அவள் ஆழத்தில் எங்கோ கிடந்தாள். அக்கா அவளை என் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்து, "எந்திரிடி, எந்திரிடி கண்ணு, அம்மா வந்துட்டாங்க பாரு" என்று உலுக்கினாள். அப்படியொரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. உலுக்கலில் குழந்தை ஒருமுறை இருமியது. அக்காவின் தோளெல்லாம் வாந்தி எடுத்தது. பிறகு, தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் அழுதது. அக்கா அந்த வாந்தியோடு அவளை முத்தமிட்டாள்.

"பால் ஒத்துக்கல. அவ்வளவுதான். பால் ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

சுரங்க மருத்துவமனையின் வண்டியைக் கூப்பிட்டேன். அது வந்து தூங்குமூஞ்சியையும், தலை சாய்ந்திருந்த மற்ற சிலரையும் ஆக்ஸிஜன் முகமூடி வைத்து ஏற்றிக்கொண்டு போனது. பயப்படாதீங்க, பொழைச்சுக்கும் என்று நர்ஸ் சொன்னாள். அதற்குள் பெரியவரை போனில் பிடித்திருந்தேன்.

"என்னம்மா காலையிலயே? முட்டை இப்பதான் மேஜைக்கு வருது. சாப்பிட்டுட்டுப் படம் பாத்துட்டு..."

"முட்டையக் கீழ வைங்க சார்! வெயில் வரதுக்குள்ள இங்க வாங்க. காப்பகத்துக்குக் கீழ எரியுது."

அந்த மனிதர் நல்லவர்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. பனி உருகுவதற்கு முன் ஜீப் வந்து நின்றது. எங்கள் குழுவின் மண் பரிசோதனைக்காரரும் கருவிப் பெட்டியோடு கூடவே இறங்கினார். நான் பெரியவரின் கையைப் பிடித்து மேட்டின் மேல் கூட்டிப்போய் நிறுத்தினேன். கீழே காட்டினேன். வெள்ளை வெளியில் அந்தப் பச்சைப் பட்டை, காப்பகம்வரை.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, பனி என்றும் பாராமல் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேலதாம்மா நடந்திருக்கேன். ஒவ்வொரு வருஷமும் இதுக்கு மேலதான் நடந்து போய், அந்தக் குழந்தைங்களுக்கு மிட்டாய் குடுத்துட்டு வருவேன்" என்றார். வயசானவர் ஒருவர் அப்படி உடைவதைப் பார்க்க எனக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது. எது அதிகம் என்று கேட்டால் கோபம்தான்.

பரிசோதனைக்காரர் வாயு அளக்கும் கருவியைக் கையில் நீட்டிப் பிடித்தபடி காப்பகத்துக்குள் போனார். தூங்கும் அறை வாசலை எட்டியிருப்பார், கருவி வீறிட்டது. சாலையில் நின்ற எங்களுக்கே கேட்டது. அடுத்த நொடி அவர் வெளியே ஓடிவந்து, மூச்சிரைக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பெரியவங்களே அதுல ஒரு முழு ராத்திரி படுத்தா எந்திரிக்க மாட்டாங்க" என்றார்.

பெரியவர் எழுந்தார். "அனுமதி கிடையாது. தோண்டறத இன்னைக்கே நிறுத்தச் சொல்றேன்" என்றார். அடுத்து, பச்சைக்காரருக்கு போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "காப்பகத்துக்கு உடனே வாங்க. குழந்தைங்கள வெளிய எடுத்தாச்சு." காரணம் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

அக்கா அப்போதும் நம்பவில்லை. கருவி அலறியதைக் கேட்டாள், பெரியவர் சொன்னதையும் கேட்டாள். சேலையில் வாந்தியைத் துடைத்துக்கொண்டு, "அவரு வரட்டும். அவரு வந்து சொல்லுவாரு. குழாய்ல ஏதாவது கோளாறா இருக்கும். நீங்க எல்லாம் அவசரப்பட்டுப் பேசறீங்க" என்றாள். நான் தொட்டுப் பார்த்துச் சொன்னதை விட அவள் நம்பியது அந்த மனிதரின் வார்த்தையை. அது என்னைச் சுட்டது, மறைக்க மாட்டேன்.

வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே பச்சைக்காரர் குதித்து இறங்கி ஓடிவந்தார். தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது. போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் கண் அங்குமிங்கும் தாவியது. ஒவ்வொரு முகமாகத் தேடியது.

"தூங்கற ரூம்ல இருந்ததுங்க எல்லாம் நல்லா இருக்கா?" என்றார். "அந்த மூலையில படுக்குமே ஒரு குழந்தை, அது எங்க?"

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த அறையைப் பற்றி யாரும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலையைப் பற்றிச் சொல்லவே இல்லை. இவருக்குத் தெரியும். எந்த அறை என்று தெரியும், அறைக்குள் எந்த இடம் என்றும் தெரியும். போன குளிருக்கே தெரியும். தெரிந்துகொண்டே கை குலுக்கிவிட்டு உள்ளே போய் வந்திருக்கிறார். திட்டக்கூட வார்த்தை வரவில்லை. என் வாயிலிருந்தே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அது உறைக்கவில்லை. ஆறுதல் வந்துவிட்ட முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள். "ஒண்ணே ஒண்ணு வாந்தி எடுத்துச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, பயமில்லன்னாங்க. என் தங்கச்சி தரைக்கு அடியில நெருப்புன்னு சொல்றா சார். நீங்க சொல்லுங்க. வெந்நீர்க் குழாய்தானேன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"ஜன்னலத் தொறந்து வைங்கன்னு உங்ககிட்ட சொன்னேனேம்மா" என்றார். "எத்தனை தடவ சொன்னேன்? எவ்வளவு குளிரா இருந்தாலும் தொறந்தே வைங்க, காத்து ஓடட்டும்னு சொன்னேனா, இல்லையா?"

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் குரல் இல்லை அது. சொன்ன பேச்சைக் கேட்காத வேலைக்காரியைக் கண்டிக்கிற குரல். அதில் பொய்யும் இல்லை. அவர் மனசறிந்து அப்படித்தான் நம்பியிருந்தார். காரணத்தைச் சொல்லாமல் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டதோடு அவர் கடமை முடிந்துவிட்டது. அனுமதியும் போகாது, கட்டிடமும் படத்தில் இருக்கும், குழந்தைகளுக்கும் காற்று வரும். இப்போது தப்பு நடந்துவிட்டது. ஜன்னலைத் திறக்காதவள் யார்?

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். பெரியவரும் பரிசோதனைக்காரரும் சேர்ந்து என்னை விலக்கினார்கள். விடுங்க சார், விடுங்க என்று கத்தினேன். அவர் எதிர்க்கவும் இல்லை. பொத்தான் அறுந்த சட்டையோடு அப்படியே நின்றார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. காப்பகத்தைப் பார்த்தாள். தூங்கும் அறையின் பக்கம், ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. காற்று நுழையாமல் இடுக்குகளில் துணி மடித்துச் செருகியிருந்தது. அந்தத் துணிகள் அக்காவின் பழைய சேலைக் கிழிசல்கள். தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது.

"குளிருமேன்னு நான்தான்டி மூடினேன்" என்றாள் என்னிடம். "பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சுடுமேன்னு, தினமும், ஒரு ஜன்னல் விடாம, நான்தான்டி மூடினேன்."

நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள்.